யாரிடமிருந்து யாரைக் காப்பது? ஊடகச் சட்டமும் செய்தி அறமும்

எந்தத் தமிழ் வார இதழை வாங்கினாலும், உள்ளே ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு மூன்று வரிகள் இருக்கும்: அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர், அச்சக முகவரி. வாசகர் யாரும் அதைப் படிப்பதில்லை. வழக்குப் போட நினைக்கிறவர் முதலில் படிப்பது அதைத்தான். 1867இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த அச்சக, புத்தகப் பதிவுச் சட்டம் விட்டுச்சென்ற வழக்கம் அது. எழுதியவர் யார் என்று அரசு தேடி அலைய வேண்டாம். பெயரைக் கொடுத்திருப்பவரைப் பிடித்தால் போதும். 1908இல் சென்னையில் 'இந்தியா' இதழ்மீது ராஜதுரோக வழக்கு வந்தபோது அதில் எழுதிக்கொண்டிருந்தவர் பாரதி. பதிவேட்டில் ஆசிரியராக இருந்தவர் சீனிவாசன். சிறைக்குப் போனவர் சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்குப் போனார். அதே ஆண்டில் 'சுதேசமித்திரன்' நிறுவனர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் கைதானார். 1867ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் வரை உயிரோடு இருந்தது. இப்போது அதன் இடத்தில் 2023இல் இயற்றப்பட்ட பத்திரிகைகள், பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் வந்திருக்கிறது. பொடி எழுத்து வரிகள் மட்டும் போகவில்லை.

ஊடகச் சட்டம் என்ற பெயரில் இந்தியாவில் ஒரே சட்டப் புத்தகம் கிடையாது. அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமை, கருத்துரிமை என்று சொல்கிறதே தவிர, பத்திரிகை என்ற சொல்லையே அது பயன்படுத்தவில்லை. குடிமக்களுக்கு உள்ள உரிமைதான் பத்திரிகைக்கும். தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்பது அம்பேத்கரின் நிலைப்பாடு. மற்றவை எல்லாம் சிதறிக் கிடக்கின்றன: அவதூறு ஒரு சட்டத்தில், நீதிமன்ற அவமதிப்பு இன்னொன்றில், குழந்தைகளின் அடையாளம் மூன்றாவதில், கேபிள் டிவி, இணையம் என்று தனித்தனியே. இந்தச் சிதறலை ஒரு வரைபடமாக்கிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: அதிகாரத்தில் இருப்பவர்களிடமிருந்து பத்திரிகையைக் காக்க நம் நீதிமன்றங்கள் ஓரளவு வழி கண்டிருக்கின்றன. பத்திரிகையிடமிருந்து எளிய மனிதரைக் காக்க அப்படி எதுவும் உருப்படியாக அமையவில்லை. இதைப் பார்க்க டெல்லிக்குப் போக வேண்டாம். முக்கியமான வழக்குகளில் பல நம் ஊரில் பிறந்தவை.

முதல் பெரிய வழக்கே மெட்ராஸ் அரசின்மீதுதான். ரமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி ஆங்கில வார இதழ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று 1950 மார்ச்சில் மெட்ராஸ் அரசு தடை போட்டது. 1949ஆம் ஆண்டின் மெட்ராஸ் பொது ஒழுங்குச் சட்டம்தான் ஆதாரம். அரசமைப்பு நடைமுறைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். மே மாதம் தீர்ப்பு வந்தது; எழுதியவர் சென்னை வக்கீலாக வாழ்க்கையைத் தொடங்கிய பதஞ்சலி சாஸ்திரி. அச்சிடும் உரிமை இருந்து, விற்கும் உரிமை இல்லையென்றால் அது உரிமையே அல்ல என்பது தீர்ப்பின் சாரம். பொது ஒழுங்கு என்ற காரணம் அன்றைய 19(2)இல் இல்லை. ஆகவே தடை செல்லாது.

அரசு என்ன செய்தது? அரசமைப்பையே திருத்தியது. 1951 ஜூனில் வந்த முதல் திருத்தம், பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டுக் காரணங்களாகச் சேர்த்தது. கூடவே, கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. இன்றுவரை பத்திரிகைகள் நீதிமன்றத்தில் பிடித்துக்கொள்ளும் கயிறு அந்த ஒற்றை நிபந்தனைதான். உரிமையைச் சுருக்க வந்த திருத்தத்திலேயே அதைக் காக்கும் சொல்லும் இருந்தது என்பதைப் பாடப் புத்தகங்கள் போதிய அளவு சொல்வதில்லை.

அடுத்தது, 1994. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுச் சிறையில் தன் வாழ்க்கைக் கதையை எழுதியிருந்தார். சுமார் 300 பக்கம். அதில் போலீஸ் அதிகாரிகளோடு தனக்கிருந்த தொடர்புகளும் வருகின்றன என்று 'நக்கீரன்' அறிவித்ததும் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து பத்திரிகைக்குக் கடிதம் வந்தது: அதை அவர் எழுதவே இல்லை, வெளியிட்டால் நடவடிக்கை. ஆசிரியர் ராஜகோபால் என்ற கோபாலும் இணையாசிரியர் காமராஜும் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்புதான் இன்றைய இந்திய ஊடகச் சட்டத்தின் நடுத்தூண். சட்டக் கல்லூரிகளில் 'ராஜகோபால் வழக்கு' என்றால் தெரியாதவர் இல்லை.

அந்தத் தீர்ப்பு பல முடிச்சுகளை ஒரே மூச்சில் அவிழ்த்தது. தன்னைப் பற்றி அவதூறு வந்துவிடும் என்ற அச்சத்தில் ஓர் அதிகாரி வெளியீட்டை முன்கூட்டித் தடுக்க முடியாது. வெளிவந்த பிறகு வேண்டுமானால் வழக்குப் போடட்டும். அரசோ உள்ளாட்சி அமைப்போ இழப்பீடு கேட்டு அவதூறு வழக்குப் போட முடியாது. பொது ஊழியரின் பணி சார்ந்த நடத்தையைப் பற்றி எழுதியது தவறாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதினார்கள் என்று அவர் நிரூபித்தால்தான் இழப்பீடு. அமெரிக்காவின் சல்லிவன் வழக்கும் இங்கிலாந்தின் டெர்பிஷயர் வழக்கும் இதற்கு முன்மாதிரிகள். நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் உள்ளதை யாரும் எழுதலாம். ஆனால் பாலியல் கொடுமைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயர் அதில் இருந்தாலும் எழுதக் கூடாது. அந்தரங்கம் என்பது தனித்துவிடப்படும் உரிமை என்பதும் அங்கேயே சொல்லப்பட்டது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவிப்பதற்கு 23 ஆண்டுகள் முன்பே.

ஒரு சின்ன விலக்கும் தீர்ப்பில் இருக்கிறது: இந்தப் பாதுகாப்பெல்லாம் நீதிமன்றத்தின் அவமதிப்பு அதிகாரத்தையும் சட்டமன்றத்தின் உரிமை மீறல் அதிகாரத்தையும் தொடாது. அந்த விலக்கு எவ்வளவு பெரிய வாசல் என்பது தமிழ்ப் பத்திரிகைகளுக்கு ஏற்கெனவே தெரியும். 1987 மார்ச்சில் 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரம். மேடையில் இருக்கும் இருவரில் பிக்பாக்கெட் போல் இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போல் இருப்பவர் மந்திரி. சட்டமன்றம் கொதித்தது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை. விசாரணை, சாட்சி, வக்கீல் என்று ஒன்றும் கிடையாது. நாடு முழுக்கக் கண்டனம் எழுந்ததால் சில நாள்களில் விடுதலை. பின்னாளில் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. 2003 நவம்பரில் அதே சட்டமன்றம் 'தி இந்து'வைச் சேர்ந்த ஐவருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் சிறை விதித்தது. ஒரு தலையங்கமும் அதன் மொழிபெயர்ப்பும் குற்றமாகக் காட்டப்பட்டன. உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால் யாரும் உள்ளே போகவில்லை. எது உரிமை மீறல் என்று வரையறுத்து எழுதுங்கள் என்ற கோரிக்கை அரசமைப்பின் வயது கொண்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் எழுதப்படவில்லை. எழுதினால் எல்லை தெரிந்துவிடும் அல்லவா?

திரைப்படத்தையும் நாவலையும் பற்றிச் சுருக்கமாக. இட ஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 1989இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கலவரம் வரும் என்று மிரட்டுபவர்களைச் சமாளிப்பது அரசின் வேலை. சமாளிக்க முடியவில்லை என்று கையை விரித்துப் படத்தை நிறுத்தக் கூடாது என்றது. இவ்வளவு தெளிவான தீர்ப்பு இருந்தும் 2013இல் 'விஸ்வரூபம்' படத்தைத் தமிழக அரசு 144 தடையாணை போட்டு நிறுத்தியது. கமல் சில காட்சிகளின் ஒலியை நீக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் படம் வந்தது. 2015இல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த 'அமைதிப் பேச்சுவார்த்தை'யில் எழுத்தாளர் பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' நாவலைத் திரும்பப் பெறக் கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புகள் உயரத்தில் நிற்கின்றன. தாசில்தாரும் ஆர்.டி.ஓ.வும் இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்திருக்கும் அறைக்கு அவை இறங்கி வர நாளாகிறது.

பத்திரிகையாளரை உண்மையில் அச்சுறுத்துவது சிறையும் அல்ல, தடையும் அல்ல. வாய்தா. அவதூறு இங்கே இன்னும் கிரிமினல் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக இருக்கின்றன. இரண்டாண்டு வரை சிறை. சமூக சேவையும் தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. உரிமையியல் வழக்கில் எழுதியது உண்மை என்றால் போதும். கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது. அது பொது நன்மைக்காக எழுதப்பட்டது என்றும் காட்ட வேண்டும். அமைச்சர் தன் கைக்காசு போட்டு வழக்கு நடத்தக்கூடத் தேவையில்லை. அரசு வக்கீலே அவர் சார்பில் செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். அரசு இழப்பீடு கேட்க முடியாது என்று ராஜகோபால் வழக்கு பூட்டிய கதவுக்குப் பக்கத்திலேயே இந்தச் சன்னல் திறந்து கிடக்கிறது.

அந்தச் சன்னல் எப்படிப் பயன்பட்டது என்பதற்குக் கணக்கு உண்டு. ஐந்தாண்டுகளில் 213 அவதூறு வழக்குகள் தொடுக்கப்பட்டன, அவற்றில் 55 ஊடகங்கள்மீது என்று 2016இல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பெரும்பாலானவற்றில் தண்டனை வாங்குவது நோக்கமாக இருந்திருக்க முடியாது. கோவையில் அச்சாகும் செய்திக்குச் சென்னையில் சம்மன் வரும், ஆசிரியர் ஆஜராக வேண்டும், வழக்கு தள்ளிப்போகும், மறுபடி ஆஜராக வேண்டும். சிறிய இதழ் என்றால் ஒரே ஆசிரியர்தான்; அவர் நீதிமன்ற வராந்தாவில் நின்றால் அந்த வார இதழ் நின்றது. அதே ஆண்டு மே மாதம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் கிரிமினல் அவதூறு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நற்பெயரும் வாழ்வுரிமையின் பகுதி என்பது அதன் வாதம். எனக்கு அது ஒப்பவில்லை. நற்பெயருக்கு இழப்பீடு கேட்கலாம். அதற்குச் சிறை எதற்கு? நான்காண்டு கழித்து, 2020 மே மாதம், பத்திரிகையாளர் என். ராம் உள்ளிட்டோர் தொடுத்த மனுக்களில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் இந்த அரசு வழக்குகளில் ஒரு பெரிய கட்டை ரத்து செய்தார். அமைச்சருக்குக் கோபம் வந்தால் அது அரசுக்கு நேர்ந்த இழுக்கு ஆகிவிடாது. அரசு வக்கீல் தபால்காரரைப் போலச் செயல்படக் கூடாது என்பது தீர்ப்பின் போக்கு. கீழ்நிலையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு அதற்கும் முன்பே கிடைத்தது. ஆளுநர் மாளிகையைப் பற்றிய கட்டுரைகளுக்காக 2018 அக்டோபரில் நக்கீரன் கோபால் கைதானபோது போடப்பட்டது இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 124, அதாவது ஆளுநரைத் தாக்கி அவர் கடமையைத் தடுத்தல். கட்டுரையால் தாக்க முடியுமா என்று யோசித்த எழும்பூர் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய மறுத்து அனுப்பிவிட்டார்.

இணையம் வந்ததும் தடையின் உருவம் மாறியது. புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக 2012இல் ஒருவரைக் கைதுசெய்ய உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது, எல்லோரும் கொண்டாடினோம். அதே தீர்ப்பு, தளங்களை முடக்க உதவும் 69ஏ பிரிவைத் தொடாமல் விட்டதைக் குறைவாகவே கவனித்தோம். 2025 பிப்ரவரியில் விகடனின் இணைய இதழில் பிரதமர் மோடி விலங்கு பூட்டப்பட்டு டிரம்ப் அருகே அமர்ந்திருக்கும் கார்ட்டூன் வெளியானது. சில நாள்களில் விகடன் இணையதளம் முழுவதும் திறக்கவில்லை. மார்ச் 6ஆம் தேதி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 1987இல் ஆசிரியர் சிறையில் இருந்தார், இதழ் கடையில் இருந்தது. 2025இல் யாரும் சிறைக்குப் போகவில்லை. ஒரு கார்ட்டூனுக்காகச் சமையல் குறிப்பு, ராசிபலன், பங்குச்சந்தைக் கட்டுரை எல்லாம் சேர்ந்து மறைந்தன. எது கடுமையான தண்டனை என்று கேட்டால், பாலசுப்ரமணியனின் காலம் பரவாயில்லை என்றுதான் சொல்வேன்.

இதுவரை சொன்னது பத்திரிகையின் வீரக் கதை. மறுபக்கம் இவ்வளவு அழகாக இல்லை.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. உடல் மீட்கப்படும்வரை மூன்று நாளுக்கு மேல் தமிழ்ச் செய்திச் சேனல்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. குழாய்க்குள் இறக்கிய கேமராவில் தெரிந்த பிஞ்சுக் கை, தாயின் முகம், அழுகை, மறுபடி முகம். எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. அந்தப் பரபரப்பால்தான் அரசு இயந்திரம் அவ்வளவு வேகமாக நகர்ந்தது என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாயிடம் மைக்கை நீட்ட அந்த வாதம் உரிமை தராது.

பாலியல் வழக்குகளில் சட்டம் கடுமையாகவே இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 1983 முதல் குற்றம். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பெயர் மட்டுமல்ல, குழந்தையின் பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் எதையும் சொல்லக் கூடாது என்கிறது. இறந்துவிட்டவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் நடப்பது வேறு. பெயரை மறைத்துவிட்டு, ஊர், தெரு, தந்தையின் தொழில், படிக்கும் கல்லூரி எல்லாவற்றையும் போட்டால், அந்த ஊர்க்காரருக்குப் பெயர் தேவையா? இதில் ஊடகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் முடியாது. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயர் இருந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வழக்கின் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது, அங்கேயும் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட இடைக்கால இழப்பீடு 25 லட்சம். இரண்டு முறையும் முதல் கசிவு அரசின் கையிலிருந்துதான். அதை மடமடவென்று வாங்கி வாட்ஸ்அப்பில் தள்ளியவர்களில் செய்தியாளர்கள் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சட்டம் எட்டாத இடம் இன்னும் பெரிது. கொலையுண்ட பெண் என்றால் நம் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு வாய்பாடு உண்டு: போலீஸ் சொன்ன காரணம், திருமணத்துக்கு வெளியே உறவு என்ற தலைப்பு, ரேஷன் கார்டிலிருந்தோ ஃபேஸ்புக்கிலிருந்தோ எடுத்த படம். இன்ஸ்பெக்டரின் ஊகம் மறுநாள் காலை தீர்ப்பாக அச்சேறும். இறந்தவரின் பெயரைக் கெடுத்துக் குடும்பத்தைப் புண்படுத்த எழுதுவதும் அவதூறுதான் என்று சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. ஆனால் எந்தக் கூலித் தொழிலாளி தன் இறந்த மகளுக்காக ஒரு நாளிதழ்மீது வழக்குப் போடப் போகிறார்? தற்கொலைச் செய்திகளும் அப்படித்தான். எந்த முறையில் நடந்தது என்று விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணத்தில் அடைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறிகளை ஒட்டி 2019இல் பிரஸ் கவுன்சிலும் நெறிகளை ஏற்றது. நீட் தேர்வுக் காலச் செய்திகளை எடுத்துப் பாருங்கள். அந்த நெறிகள் செய்தி அறையின் வாசலைத் தாண்டியதாகத் தெரியாது.

அறத்தைப் பற்றிப் பேசும்போது பலர் தவிர்க்கும் விஷயம் சம்பளம். ஒன்றியச் செய்தியையும் தாலுகா செய்தியையும் கொடுப்பவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபர். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது; செய்திக்கு இவ்வளவு என்று சொற்பத் தொகை, கூடவே பொங்கல் மலருக்கும் ஆண்டு மலருக்கும் விளம்பரம் பிடிக்கும் பொறுப்பு. யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே விளம்பரம் கேட்டு நிற்பவருக்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் அறவியல் பாடம் உதவும்? பிரஸ் மீட்டில் நீட்டப்படும் 'கவர்' பழக்கத்தைக் கேலி செய்பவர்கள், அந்தக் கவரை வாங்காமல் வீடு திரும்ப அவருக்கு நிறுவனம் என்ன கொடுத்தது என்றும் கேட்க வேண்டும். மேலிடத்தில் நடப்பது வேறு அளவு. 2009 தேர்தல்களில் காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர் புகழைச் செய்தியாகவே வெளியிட்ட வணிகத்தைப் பற்றிப் பிரஸ் கவுன்சில் குழு விரிவான அறிக்கை தயாரித்தது. பத்திரிகைகளின் பெயர்கள் அதில் இருந்தன. 2010இல் கவுன்சில் வெளியிட்டது ஒரு சுருக்கத்தை மட்டும். முழு அறிக்கை வெளிவரத் தகவல் உரிமைச் சட்டம் தேவைப்பட்டது.

அந்தத் தகவல் உரிமைச் சட்டத்தையும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்துகிறது. தனிப்பட்ட தகவல் என்றாலும் பொது நலன் இருந்தால் கொடுக்கலாம் என்று 8(1)(ஜே) பிரிவில் இருந்த வாசகம் அந்தத் திருத்தத்தில் போய்விடுகிறது. முந்தைய வரைவுகளில் பத்திரிகைப் பணிக்கு இருந்த விலக்கும் சட்டத்தில் இல்லை. அந்தரங்கம் எளியவருக்குக் கேடயமாக வேண்டியது. இந்த வடிவில் ஊழல் அதிகாரியும் அதன் பின்னால் ஒதுங்கலாம்.

சரி, ஊடகத்தால் காயம்பட்ட ஒருவர் எங்கே போவது? நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பிறகு, செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் பிரஸ் கவுன்சிலுக்கு. அது 1966இல் தொடங்கி, நெருக்கடி நிலையில் கலைக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் பிறந்தது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. செய்திச் சேனல் என்றால் பிரஸ் கவுன்சிலுக்கு அதிகாரமே இல்லை. சேனல்கள் தாமே அமைத்துக்கொண்ட ஆணையத்திடம் போகலாம், அந்தச் சேனல் உறுப்பினராக இருந்தால். அதிகபட்ச அபராதம் 2023 நிலவரப்படி ஒரு லட்சம் ரூபாய். ஒரு நிகழ்ச்சியில் சம்பாதிக்கும் லாபத்துக்கு முன் இது எம்மாத்திரம் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே கேட்டது.

யூடியூப் சேனல் என்றால் இந்த அளவுகூட இல்லை. 2021ஆம் ஆண்டின் இணைய விதிகள் குறைகேட்பு ஏற்பாடு ஒன்றை வைத்தன. மேல் அடுக்கில் அமைச்சகம் உட்கார்ந்திருந்ததால் பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்கள் அதன் மையப் பகுதியை நிறுத்திவைத்தன. நிறுத்தியது சரிதான். ஆனால் அந்த இடத்தில் வேறொன்றும் வரவில்லை. ஆகவே எஞ்சியிருப்பது காவல் நிலையம். 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பயந்துபோனபோது, அவற்றைப் பரப்பியதாகக் கைதான யூடியூபர் ஒருவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. அது ஓராண்டு வரை விசாரணையின்றி உள்ளே வைக்கும் சட்டம். மறுப்பு வெளியிடு, மன்னிப்புக் கேள், இழப்பீடு கொடு என்று சொல்ல ஓர் இடைப்பட்ட அமைப்பு இல்லாத நாட்டில், ஒன்றும் செய்யாமல் விடுவதற்கும் குண்டுக்கட்டாகத் தூக்கி உள்ளே போடுவதற்கும் நடுவில் போலீஸிடமும் வேறு கருவி இல்லை.